பொங்கலன்று எத்தனை பேர் வந்தார்கள்? சர்வர் லாகிலிருந்து ஒரு நாளைப் பிரித்தெடுக்கும் வழி

கைத்தறிச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடையின் இணையதளத்தைச் சில காலம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 பொங்கலுக்கு, ஜனவரி 14 பிறந்ததும் நள்ளிரவு 12 மணிக்குத் தள்ளுபடியைத் திறந்தார்கள். மறுநாள் கடைக்காரர் போன் செய்து, "தம்பி, பொங்கலன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். அஞ்சு நிமிஷ வேலை என்று நினைத்து, அஞ்சு நிமிஷத்தில் ஓர் எண்ணையும் கொடுத்துவிட்டேன். அது தப்பான எண். எப்படித் தப்பாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குள் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

இதற்குத் தேவை ஒரு லினக்ஸ் சர்வர், அதில் பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் நிரல், கட்டளை அடிக்கும் டெர்மினலில் நுழைய அனுமதி, அவ்வளவுதான். படிக்க வசதியாகக் கட்டளைகளையும் மாதப் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது அவற்றை ஆங்கிலத்தில் அடியுங்கள். எண்களும் குறியீடுகளும் இருக்கிறபடியே வரவேண்டும். 'ஜன' என்று நான் எழுதுமிடத்தில் ஜனவரியின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, அதில் முதல் எழுத்து மட்டும் பெரியது. 'டிச' என்றால் டிசம்பருக்கும் அப்படியே.

முதல் வேலை: ஒரு வரியை உற்றுப் பார்ப்பது

எடுத்தவுடன் தேடாதீர்கள். தளத்துக்கு வருபவர்கள் கேட்பதையெல்லாம் சர்வர் வரி வரியாக எழுதிவைக்கும் லாக் கோப்பு, அதாவது அக்செஸ்.லாக், அதன் கடைசி வரியை டெயில் கட்டளையால் எடுத்துக் கண்ணால் பாருங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

203.0.113.25 - - [14/ஜன/2025:06:12:40 +0000] "கெட் /சேலை/ எச்டிடிபி/1.1" 200 5124

முதலில் வந்தவரின் ஐபி முகவரி. சதுர அடைப்புக்குள் தேதியும் நேரமும். மேற்கோளுக்குள் அவர் கேட்ட பக்கம். அடுத்து 200 என்பது 'பக்கம் கிடைத்தது' என்ற பதில், கடைசியில் அனுப்பிய பைட்டுகள். இதற்குப் பின்னால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த உலாவி என்ற விவரங்களும் பெரும்பாலும் தொடரும்.

நமக்கு வேண்டியது அந்தச் சதுர அடைப்பு. அதில் நாலு விஷயத்தைக் கவனியுங்கள். நாள் எப்போதும் இரண்டு இலக்கம், 5ஆம் தேதி என்றால் 05. மாதம் எண் அல்ல, எழுத்து. ஆண்டுக்கும் மணிக்கும் நடுவில் இடைவெளி இல்லை, முக்காற்புள்ளிதான். கடைசியில் +0000 என்று ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னைக் கவிழ்த்தது அந்தத் துண்டுதான்.

என்ஜின்எக்ஸின் பிழை லாகில் தேதி வேறு மாதிரி, 2025/01/14 06:12:40 என்று வரியின் தொடக்கத்திலேயே இருக்கும். ஒரே சர்வரில் இரண்டு லாகுக்கு இரண்டு தேதி வடிவம். அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரே ஒரு நாள்

கிரெப் என்பது கோப்பில் ஒரு வடிவத்தைத் தேடி, அது இருக்கும் வரிகளை மட்டும் காட்டும் கட்டளை. கென் தாம்சன் 1970களில் யூனிக்ஸுக்காக எழுதியது, இன்றும் எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் வடிவத்துக்குத்தான் ரெகெக்ஸ் என்று பெயர். சுருங்குறித்தொடர் என்றும் சொல்வார்கள்.

கிரெப் -ஈ '\[14/ஜன/2025:' அக்செஸ்.லாக்

அந்த ஈ பெரிய எழுத்து. அடைப்புக்குறி, செங்குத்துக்கோடு எல்லாம் வேலை செய்ய அது வேண்டும். வடிவத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைப்பதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நடத்தும் நிரல்) அதில் கை வைத்துவிடும். சதுர அடைப்புக்கு முன்னால் இருக்கும் பின்சாய்கோடு, 'இது நிஜமான சதுர அடைப்பு, ரெகெக்ஸ் குறி அல்ல' என்று சொல்வதற்கு.

"தேதியை மட்டும் கொடுத்தால் போதாதா, அடைப்பு எதற்கு?" என்று கேட்கலாம். 5/ஜன என்று மட்டும் தேடிப் பாருங்கள். 05, 15, 25 மூன்று நாளும் வந்து நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. வேர்ட்பிரஸ் தளங்களில் கட்டுரையின் முகவரியிலேயே /2025/01/14/ என்று தேதி இருக்கும். பிழை லாகில் 2025/01/14 என்று வெறுமனே தேடினால், அன்று வெளியான கட்டுரையை அடுத்த வாரம் திறந்து பிழை வாங்கியவரும் கணக்கில் ஏறிவிடுவார். எனவே அக்செஸ் லாகில் சதுர அடைப்பில் தொடங்குங்கள். பிழை லாகில் வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் ^ குறியில் தொடங்குங்கள்:

^2025/01/14

பல நாட்கள்: எல்லாரும் விழும் குழி இங்கேதான்

பத்தாம் தேதியிலிருந்து பதினாறு வரை வேண்டும். புதிதாக வருபவர் எல்லாரும் முதலில் எழுதுவது [10-16]. நானும் எழுதியிருக்கிறேன். அது பத்து முதல் பதினாறு என்று அர்த்தமாகாது. சதுர அடைப்பு ஒரே ஒரு எழுத்துக்கான இடம். கணினி அதை '1, அல்லது 0 முதல் 1 வரை, அல்லது 6' என்று படிக்கும். ஆக 0, 1, 6 இந்த மூன்றில் ஏதோ ஒன்று. நாள் இரண்டு இலக்கம் என்பதால் ஒரு வரிகூடக் கிடைக்காது. [7-23] என்று எழுதினால் இன்னும் வேடிக்கை: 7 முதல் 2 வரை என்று தலைகீழாகப் போவதால் கிரெப் பிழை காட்டி நின்றுவிடும். சொல்லப்போனால் அதுதான் நல்லது. சத்தமில்லாமல் தப்பான விடை தருவதைவிட முகத்துக்கு நேரே திட்டுவது மேல்.

ரெகெக்ஸுக்கு எண் தெரியாது, எழுத்துதான் தெரியும். 16 என்பது அதற்கு '1', பக்கத்தில் '6'. எனவே எண்களை இலக்கம் இலக்கமாக வெட்ட வேண்டும். பத்து முதல் பதினாறு என்றால்:

1[0-6]

ஏழு முதல் இருபத்து மூன்று என்றால் பத்துகள் மாறும் இடத்தில் எல்லாம் வெட்டு விழும்:

(0[7-9]|1[0-9]|2[0-3])

நடுவில் இருக்கும் செங்குத்துக்கோடு 'அல்லது'. சுற்றியுள்ள அடைப்புக்குறி அந்த 'அல்லது' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்கிறது. அதை விட்டுவிட்டால் 'அல்லது' முழு வடிவத்தையும் இரண்டாகப் பிளந்துவிடும்.

மாதம் தாண்டினாலும் இதே உத்திதான். ஒரு பக்திப் பாடல் தளத்துக்கு மார்கழி மாதக் கணக்கு வேண்டும் என்று வையுங்கள். உதாரணத்துக்கு, ஒரு மார்கழி 2024 டிசம்பர் 16இல் பிறந்து 2025 ஜனவரி 13இல் முடிந்தது. இரண்டு மாதம், இரண்டு ஆண்டு:

\[((1[6-9]|2[0-9]|3[01])/டிச/2024|(0[1-9]|1[0-3])/ஜன/2025):

உள்ளே இருந்து வெளியே படியுங்கள். டிசம்பருக்கு 16 முதல் 31 வரை ஒரு கட்டு, ஜனவரிக்கு 01 முதல் 13 வரை ஒரு கட்டு, இரண்டையும் 'அல்லது' போட்டுச் சேர்த்திருக்கிறோம். இதைவிட நீளமான வடிவத்தை எழுத வேண்டி வந்தால் ரெகெக்ஸையே விட்டுவிடுங்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. ரெகெக்ஸில் புள்ளி என்றால் 'ஏதோ ஒரு எழுத்து'. எனவே \[14/.../2025: என்று மூன்று புள்ளி வைத்தால் அந்த ஆண்டின் எல்லா மாதத்துப் பதினாலாம் தேதியும் கிடைக்கும்.

யாருடைய நாள்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் 14/ஜன என்று தேடினேன், வரிகள் வந்தன, எண்ணிக்கொடுத்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி பன்னெண்டுக்குத்தானே தம்பி கூட்டமே? அந்த நேரத்துல வந்த ஆர்டரே இதைவிட ஜாஸ்தியா இருக்கே" என்றார். ஆர்டர் புத்தகம் அவர் கையில் இருந்தது. எனக்குப் பேச வழியில்லை.

வரியின் கடைசியில் இருந்த +0000 சொன்னது இதைத்தான்: சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. வாடகை சர்வர்களில் இது சர்வ சாதாரணம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நம் ஊரில் பொங்கல் பிறந்த நள்ளிரவு 12 மணி, சர்வருக்கு 13ஆம் தேதி மாலை 18:30. நான் எடுத்த 'பதினாலாம் தேதி', நம் ஊர்க் கணக்கில் பொங்கல் காலை 5:30 மணிக்குத் தொடங்கி மாட்டுப் பொங்கல் காலை 5:30 மணிக்கு முடிந்த ஒரு நாள். நள்ளிரவுக் கூட்டம் முழுக்க வெளியே போய்விட்டது. மறுநாள் விடியற்காலை வந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆக நமக்கு வேண்டியது சர்வர் கணக்கில் 13ஆம் தேதி 18:30 முதல் 14ஆம் தேதி 18:29 வரை. அதை ரெகெக்ஸில் இப்படி வெட்டலாம்:

\[(13/ஜன/2025:(18:[3-5]|19|2[0-3])|14/ஜன/2025:(0|1[0-7]|18:[0-2]))

துண்டு துண்டாகப் பார்ப்போம். 13ஆம் தேதியில் 18:[3-5] என்பது 18:30 முதல் 18:59 வரை. நிமிஷத்தின் முதல் இலக்கத்தைச் சொன்னாலே போதும், இரண்டாவது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் 19 மணி, அதன்பின் 20 முதல் 23 வரை. 14ஆம் தேதியில் 0 என்று தொடங்கும் எந்த மணியும், அதாவது 00 முதல் 09 வரை. பிறகு 10 முதல் 17. கடைசியில் 18:00 முதல் 18:29 வரை. ஐந்தரை என்ற அந்த அரை மணிதான் இரண்டு ஓரத்திலும் 18ஐ வெட்ட வைக்கிறது. சிங்கப்பூர், மலேசியா நேரத்துக்குக் கணக்கெடுப்பவர்களுக்கு இந்த வேலை சுலபம். அங்கே எட்டு மணி வித்தியாசம் என்பதால் முந்தைய நாளுக்கு (1[6-9]|2), அன்றைக்கு (0|1[0-5]), முடிந்தது. இலங்கைக்கு நம் வடிவம் அப்படியே பொருந்தும், அங்கும் ஐந்தரைதான்.

வரியில் +0530 என்று இருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. அதனால் வடிவம் எழுதும் முன் அந்த நாலு இலக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

எடுத்ததைச் சரிபார்க்க

முடிவை ஒரு புதுக் கோப்பில் சேமித்து, அதன் முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். முதல் வரி 18:30க்குச் சற்றுப் பின்னும் கடைசி வரி 18:30க்குச் சற்று முன்னும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வரியை அன்று நான் பார்த்திருந்தால் அந்தப் போனில் அசடு வழிந்திருக்க மாட்டேன்.

கிரெப்புக்குச் சின்ன எழுத்து -சி கொடுத்தால் வரியைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். ஆனால் அது ஆள் எண்ணிக்கை அல்ல. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் பக்கத்துக்கு ஒரு வரி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி என்று விழும். தேடுபொறிகளின் ரோபோக்களும் அதில் இருக்கும்.

நேற்றையது எங்கே போயிற்று?

ஜனவரி இறுதியில் உட்கார்ந்து பொங்கலைத் தேடினால் அக்செஸ்.லாகில் ஒன்றும் இருக்காது. லாக்ரொட்டேட் என்ற நிரல் கோப்பைத் தினமும் பெயர் மாற்றி வைக்கிறது. நேற்றையது அக்செஸ்.லாக்.1, அதற்கு முந்தையது அக்செஸ்.லாக்.2.ஜிஇசட் என்று சுருக்கப்பட்டிருக்கும். டெபியன், உபுண்டுவில் என்ஜின்எக்ஸோடு வரும் அமைப்பு 14 பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடும். ஆக மார்கழி முழுவதும் வேண்டுமென்றால் மார்கழி பிறக்கும் முன்பே அந்த எண்ணைக் கூட்டி வைத்திருக்க வேண்டும். முடிந்தபின் எந்த ரெகெக்ஸும் மீட்டுத் தராது.

இந்தச் சுழற்சி சரியாக நள்ளிரவில்தான் நடக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரே நாளின் வரிகள் இரண்டு கோப்பில் பரவிக் கிடக்கலாம். எனவே பக்கத்துக் கோப்புகளையும் சேர்த்தே தேடுங்கள். சுருக்கிய கோப்புக்குள்ளும் தேட கிரெப்புக்குப் பதில் இசட்கிரெப். அது சாதாரணக் கோப்பையும் படிக்கும். பழைய கோப்பை முதலில் சொல்லுங்கள், வரிகள் நேர வரிசையில் வரும். கூடவே சின்ன எழுத்து -எச் கட்டாயம். பல கோப்பில் தேடும்போது ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கோப்பின் பெயர் ஒட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்கு அது உதவிதான், ஆனால் அடுத்துப் படிக்கப்போகும் அறிக்கை நிரலுக்கு அந்த வரி புரியாது.

செட் கட்டளை: சுலபம், ஆனால் நம்ப முடியாது

சில இடங்களில் செட் கட்டளையால் 'இந்த வரியிலிருந்து அந்த வரி வரை' என்று எடுக்கச் சொல்லியிருப்பார்கள்:

செட் -என் '/13\/ஜன\/2025:18:3/,/14\/ஜன\/2025:18:3/ பி' அக்செஸ்.லாக்

இலக்கம் வெட்டும் தலைவலி இல்லாததால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. செட்டுக்குச் சாய்கோடே எல்லைக்கோடு என்பதால் தேதியில் உள்ள ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் பின்சாய்கோடு. ஆனால் இது நேரத்தை ஒப்பிடுவதில்லை. முதல் வடிவத்தைக் காணும்வரை தூங்குகிறது, கண்டதும் அச்சிடத் தொடங்குகிறது, இரண்டாவதைக் கண்டதும் அந்த வரியோடு நிறுத்துகிறது. 18:30 முதல் 18:39 வரை யாருமே வராவிட்டால் தொடங்கவே தொடங்காது. முடிவு வடிவம் கிடைக்காவிட்டால் கோப்பின் கடைசி வரை ஓடும். சின்னத் தளத்தில் பத்து நிமிஷம் யாரும் வராமல் இருப்பது பெரிய அதிசயமா? அப்பாச்சியில் இன்னொரு சங்கடம்: வேலை முடிந்தபின் வரியை எழுதுகிறது, ஆனால் அதில் போடும் நேரம் கோரிக்கை வந்த நேரம். பெரிய கோப்பை இறக்கியவரின் வரி பின்னால் வந்து விழும், நேரம் முன்னாலே இருக்கும். ஓரத்தில் இருப்பவை விடுபடலாம். கூட்டம் நிறைந்த தளத்தில் குத்துமதிப்பாகப் பார்க்க செட் போதும். கணக்கு கொடுக்க கிரெப்.

அறிக்கை

வடிகட்டிய வரிகளைப் படித்து அழகான அறிக்கையாக்க கோஅக்செஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. கிரெப்பின் வெளியீட்டைப் பைப் குறி (|, ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் குழாய்) போட்டு அதற்கு அனுப்பி, கோப்புப் பெயரின் இடத்தில் ஒரு சிறுகோடு மட்டும் கொடுங்கள். 'கோப்பைப் படிக்காதே, குழாயில் வருவதைப் படி' என்று அதற்கு அர்த்தம். அங்கே அக்செஸ்.லாக் என்று பழக்கத்தில் அடித்துவிட்டால் வடிகட்டாத வரிகளும் உள்ளே வந்துவிடும். லாக் வடிவம் கேட்டால் கம்பைண்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலான சர்வர்களில் அதுதான்.

அறிக்கையில் 13, 14 என்று இரண்டு தேதி தெரியும். வரியில் உள்ள தேதியை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் கூட்டிவிடலாம் என்று கை பரபரக்கும், அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. கோஅக்செஸ் ஒரே ஐபி, ஒரே உலாவி, ஒரே தேதி என்றால்தான் ஒரே ஆள் என்று எண்ணும். நம் ஊர் நேரம் காலை 5:20க்கு ஒரு தடவை, 5:40க்கு ஒரு தடவை சேலை பார்த்த அக்கா சர்வர் கணக்கில் இரண்டு தேதியில் வருகிறார், எனவே இரண்டு பேர். பக்கங்களின் எண்ணிக்கையைத் தயங்காமல் கூட்டலாம். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 'அதிகபட்சம் இவ்வளவு' என்று சொல்லிக் கொடுங்கள்.

ரெகெக்ஸை எப்போது விடுவது

மாதக்கணக்கில், மணிக்கணக்கில் அடிக்கடி பிரித்தெடுக்க வேண்டிய தளம் என்றால் லாகின் தேதி வடிவத்தையே மாற்றிவிடுங்கள். என்ஜின்எக்ஸில் உள்ளூர் நேரத்துக்கான மாறியை எடுத்துவிட்டு ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறையிலான நேரத்துக்கான மாறியை வைத்தால், தேதி 2025-01-13 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எண்களாகவே வரும். இதன் அருமை என்னவென்றால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். வரிகளைத் துண்டுகளாகப் பிரித்து ஒப்பிடும் ஆக் என்ற கட்டளையில் 'இதைவிடப் பெரியது, அதைவிடச் சிறியது' என்று இரண்டு ஒப்பீடு எழுதினால் எந்த இடைவெளியும் வரும், பத்துகளை வெட்டும் வேலையே இல்லை. ஒப்பிடும் நேரத்தை மட்டும் சர்வர் கணக்கில் கொடுக்க வேண்டும், 13ஆம் தேதி 18:30 என்று. வடிவத்தை மாற்றிய பிறகு கோஅக்செஸுக்கும் புது வடிவத்தைச் சொல்லித் தர வேண்டும், இல்லையென்றால் ஒரு வரியும் அதற்குப் புரியாது.

அந்தக் கடைக்கு இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். பழைய லாகுகள் பழைய வடிவத்திலேயே இருப்பதால், மேலே கொடுத்த 18:[3-5] வடிவத்தை ஒரு சின்ன உரைக் கோப்பில் எழுதி சர்வரிலேயே போட்டிருக்கிறேன். தேதியை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றாம் தேதிக்குத் தேடும்போது முந்தைய நாளின் மாதத்தையும் மாற்ற வேண்டும் என்று அதே கோப்பில் ஒரு வரி குறிப்பும் உண்டு. அது ஒரு பிப்ரவரி 1இல் சேர்த்த குறிப்பு.